ஜன்னலோர மேற்பார்வை

மேற்பார்வை மூன்று வகைப்படும் என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட குஷி இப்போது சரியாக ஞாபகத்தில் இல்லை. குஷியாக இருந்தேன் என்பது மட்டும் தெரியும். வார்டு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்ததாக எங்கள் சிஸ்டர் பிற்பாடு சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கும்போது வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வது போலத்தான் எனக்கு இருக்கும்.

எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, கீழ் கோத்தகிரிச் சரிவில் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் குடும்ப மருத்துவம் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். மேற்படிப்பு என்றால் வகுப்பறை, கரும்பலகை எதுவும் கிடையாது. வேலைதான் படிப்பு. மூன்று வருடம் ஒரு மூத்த மருத்துவரின் கீழ் வேலை பார்க்க வேண்டும். அவருக்கு வழிகாட்டி ஆசிரியர் என்று பெயர். அந்த மருத்துவமனைக்குப் பயிற்சி கொடுக்கும் தகுதி இருக்கிறது என்று மேலே ஒரு வாரியம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அங்கீகாரம் என்று பெயர். அங்கீகாரத்துக்கு ஆயுள் உண்டு. அது முடிகிற சமயத்தில் ஓர் ஆய்வாளர் வருவார். அவர் சொல்வதைப் பொறுத்துப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள்.

எனக்கு இந்தச் சொற்கள் எல்லாமே பிடித்திருந்தன. என்னோடு படித்தவர்கள் புதுப்புது மருந்துகளின் பெயர்களைச் சேகரித்தார்கள். நான் இவற்றைச் சேகரித்தேன். படிப்படியாகக் கைமாறும் பொறுப்பு, இணக்கம், குறைபாடு, அவதானிப்பு. குறைபாடும் அவதானிப்பும் ஒன்றல்ல என்பதை உணவு மேஜையில் உட்கார்ந்து எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு விளக்கியிருக்கிறேன். அவர் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப இன்னைக்கி ரசத்துல உப்பில்லாதது எதுல வரும் டாக்டர்?" என்றார்.

மேற்பார்வையின் மூன்று வகைகளை நர்சுகளுக்காக நானே பேச்சுத் தமிழில் மாற்றினேன். நேரடி மேற்பார்வை என்றால் மேடம் பக்கத்திலேயே நிற்பது. மறைமுக மேற்பார்வை என்றால் மேடம் கூப்பிட்டால் போனில் கிடைப்பது. பின்னர் சரிபார்த்தல் என்றால் மேடம் மறுநாள் வந்து பார்த்துவிட்டுத் திட்டுவது.

"மூணாவதுதானுங்க எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் சிஸ்டர்.

மேடம் என்பது எங்கள் தலைமை மருத்துவர். எனக்கு வழிகாட்டி ஆசிரியர் அவர் ஒருவர்தான். கோயம்புத்தூர்க்காரர், அறுபதை ஒட்டிய வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, வார்டுக்கு வரும் சரிவுப் பாதையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவார். அதிகம் பேச மாட்டார். யாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும்.

நான் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது அங்கீகாரம் முடியப்போகிறது என்று தெரிந்தது. புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை விதிகளில் முதலில் தேடிப் படித்தவள் நான்தான். இதுவரை செய்த பயிற்சி செல்லும். மீதியை இங்கே செய்ய முடியாது. எங்கே இடம் காலியாகிறதோ அங்கே அனுப்புவார்கள், அதற்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கில்லை. மருத்துவமனைக்கு இனிமேல் பயிற்சி மருத்துவர்கள் வர மாட்டார்கள். சம்பளத்துக்கு மருத்துவர் வைக்கலாம் என்றால் இந்தச் சரிவுக்கு யாரும் வருவதில்லை. ஆகவே எனக்குப் பிறகு மேடம் மட்டும்தான், அந்த முழங்கால்களோடு.

ஓர் அம்மாள் நோயாளியாக வந்து சேர்ந்தது அந்த மழைக்காலத்தில். பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். சிறு வயதில் இலங்கையிலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்தவர். லைன் வீட்டை லயம் என்பார், மேனேஜரைத் துரை என்பார், சூப்பர்வைசர் இன்னும் அவருக்குக் கங்காணிதான். பல வருடமாகச் சர்க்கரை. காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து, அது புண்ணாகி, பாதம் வீங்கி, பூட்ஸ் நுழையாமல் போன பிறகுதான் வந்தார். வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிச்சா வந்திருக்க மாட்டேனா பிள்ளை? வலிக்கல, அதான் வேலைக்குப் போயிட்டேன்."

சர்க்கரைக்காரர்களின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இழையால் பாதத்தில் அங்கங்கே தொட வேண்டும். நான் தொட்டுத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "தெரியுதுங்க" என்றார். எனக்குச் சந்தேகம் வந்து, தொடாமலே "இப்ப தெரியுதா?" என்றேன்.

"நல்லாத் தெரியுதுங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் கண்ணைத் திறந்து, எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். கேட்பவர் மனம் கோணக் கூடாது என்பது அவருக்கு அவ்வளவு முக்கியம். நான் முறையை மாற்றினேன். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தொட்ட மாதிரி இருந்தா நீங்களாச் சொல்லுங்க, போதும்" என்றேன். பாதம் முழுக்கப் போய் வந்தேன். குதிகாலில் மட்டும் "ஆங்" என்றார். மற்ற இடங்களில் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் ஆமாம் என்பார், கேட்காமல் விட்டால் உள்ளதைச் சொல்வார். இதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டதில் எனக்குப் பெருமை. மேடத்திடம் போய்ச் சொன்னேன். "ம், நல்லது கண்ணு" என்றார்.

அந்த வாரம்தான் மேடம் ஒரு முழங்காலை மாற்றும் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் போனார். ரொம்ப காலமாகத் தள்ளிப்போட்டது. அவர் இல்லாத நாட்களில் பெரிய காரியம் எதுவானாலும் கோத்தகிரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல் ஏறி, பாதத்தில் சீழ் கட்டி மேலே பரவ ஆரம்பித்த அன்று சாலையில் மரம் விழுந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இரண்டாவது வளைவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "கோடாலியோட போனாத்தான் ஆச்சுங்க" என்றார். மேடத்துக்குப் போன் செய்தேன்.

எங்கள் கட்டு கட்டும் அறையில் ஒரே ஒரு ஜன்னலோரத்தில்தான் சிக்னல் வரும். கட்டிலை அங்கே இழுத்துப் போட்டோம். சிஸ்டர் போனை ஸ்பீக்கரில் வைத்து ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் படுத்திருந்த மேடத்தின் குரல் தூக்கக் கலக்கத்தில் கரகரவென்று வந்தது. எங்கே கீற வேண்டும், எவ்வளவு ஆழம், அறையறையாகச் சீழ் இருந்தால் விரலை விட்டு உடைக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். நடுவில் ஒரு தடவை மேகம் அடைத்துக் குரல் நின்றுபோனது. சிஸ்டர் போனைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். அவர் கை மழையில் நனைய நனையக் குரல் திரும்ப வந்தது. "எங்க கண்ணு விட்டேன்?" என்றார் மேடம்.

அந்த அம்மாள் முழு நேரமும் விழித்திருந்தார். தன் பாதத்தை வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் போனைப் பார்த்து, "வந்துருங்க பெரிய டாக்டரம்மா, நாங்க இருக்கோம்" என்றார்.

இதை நான் மறைமுக மேற்பார்வை என்று பதிவு செய்தேன். அவசரம் என்றால், வேறு வழியில்லை என்றால், ஆசிரியர் போனில் இருந்தால், பிறகு வந்து பார்த்தால், அது விதிப்படி சரியானதே. விதியில் இருந்த அந்த வரியைத் தேடி எடுத்து மேடத்துக்குப் படித்தும் காட்டினேன். ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

மேடம் ஊன்றுகோலோடு திரும்பி வந்த பிறகும் அந்த அம்மாள் வார்டில்தான் இருந்தார். புண் ஆற நாளாகும். வார்டில் அவர்தான் பொழுதுபோக்கு. அவர் வேலை செய்த எஸ்டேட்டுக்கும் சான்றிதழ் உண்டு. வெளிநாட்டில் தேயிலை விற்க வேண்டுமென்றால் தொழிலாளர்களை நன்றாக வைத்திருக்கிறோம் என்று யாரோ வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்த நாளை அவர்கள் ஆடிட் என்று சொல்வார்கள். அதை அந்த அம்மாள் நடித்துக் காட்டுவார். போர்வையை இடுப்பில் கட்டிக்கொள்வார். தலையணை உறை கொழுந்துப் பை.

"ஆடிட்டுன்னா காலையில புது பூட்ஸ் வரும், கையொறை வரும். சாயங்காலம் திரும்பப் போயிரும். வர்ற தொர கேப்பாரு, கையொறை குடுக்கிறாங்களா? குடுக்கிறாங்க தொர. தண்ணி வருதா? வருது தொர. கங்காணி திட்டுறாரா? தங்கமான மனுசன் தொர. யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? ஒருத்தரும் இல்ல தொர, சந்தோசமா இருக்கோம்."

"நெசமாவே தண்ணி வருதாங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"வருது. ஆடிட் அன்னிக்கி."

"அப்பறம் ஏன் வருதுன்னு சொல்றீங்க?"

"சான்று போச்சுன்னா தோட்டம் மூடிருவான். அப்ப தண்ணி மட்டும் வருமாக்கும்? ஆடிட்ல தப்பாப் பேசி ஒரு தோட்டத்தைக் கெடுத்தவன்னு எனக்குப் பேரு வரணுமா?"

வார்டே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இதையும் எங்களுக்கு வரவிருந்த ஆய்வையும் சேர்த்து யாருமே யோசிக்கவில்லை. ஏன் யோசிக்கவில்லை என்று பிறகு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுக்கு முந்தைய வாரம் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"நோயாளிங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லக் கூடாது. யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்க, என்ன கேப்பாங்க, ஒண்ணும் வேண்டாம். அவங்களுக்குத் தோணுனதச் சொல்லட்டும்."

பல இடங்களில் நோயாளிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வைப்பார்கள், ஆளே இல்லாத கட்டிலுக்கு ஆள் கொண்டுவந்து படுக்கவைப்பார்கள் என்று நாங்களும் கேள்விப்பட்டிருந்தோம். எங்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. நான் மேடத்தின் பேச்சைக் கேட்டு உணர்ச்சிவசப்பட்டுக் கை தட்டினேன் என்று நினைக்கிறேன். வேறு யாரும் தட்டவில்லை. எக்ஸ்ரே டெக்னீஷியன், "டாக்டர், இது குறைபாடா அவதானிப்பா?" என்று மெல்லக் கேட்டார்.

யாரும் எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் ஜன்னல் திரைகளைத் துவைத்தோம். அவசரப் பெட்டியில் காலாவதியான ஊசிகளை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தோம். ஊழியர்கள் எல்லோருக்கும் புதிய முகக்கவசங்கள், கையுறைகள் வந்து இறங்கின. அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் குன்னூரில் தங்கிவிட்டுக் கட்டபெட்டு வழியாகக் காரில் வந்தார். பனிமூட்டத்தால் வழியில் தாமதமானதற்கு இறங்கியதுமே மன்னிப்புக் கேட்டார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாதவர். வேறெங்கோ ஒரு பெரிய மருத்துவமனையில் பேராசிரியர். எங்கள் டீயை விரும்பிக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். என்னிடம் அரை மணி நேரம் பேசினார். மேற்பார்வையின் வகைகளைக் கேட்டபோது நான் கடகடவென்று சொன்னதைப் பார்த்துச் சிரித்து, "நீங்களே ஆய்வுக்கு வரலாம் போலிருக்கே" என்றார். மேடம் இல்லாத வாரத்தைப் பற்றி நானாகவே சொன்னேன். ஜன்னல், போன், மரம் எல்லாம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "மலையில் அப்படித்தான் இருக்கும். ஒளிக்காமல் சொன்னீர்கள், அதுதான் வேண்டும்" என்றார். எனக்கு அப்போதே பாஸாகிவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு வார்டுக்குப் போனோம். ஆய்வாளர் நோயாளியோடு பேசும்போது மருத்துவமனை ஆட்கள் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. அதையும் நானே எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். மேடம் ஊன்றுகோலோடு வாசல் பக்கம் நின்றார். நான் கட்டிலின் கால் பக்கம்.

நான் சொன்ன கதையின் நோயாளி இவர்தான் என்று தெரிந்து ஆய்வாளர் நேராக அந்த அம்மாளிடமே போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து தலையில் துண்டைச் சரிசெய்துகொண்டார். ஆய்வாளரின் கோட்டைப் பார்த்தார், கையிலிருந்த பேனாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வார்டில் நடித்துக் காட்டிய அதே முகம்.

"அம்மா, உங்க கால்ல கீறி சீழ் எடுத்தாங்களே, அப்ப பெரிய டாக்டர் கூட இருந்தாங்களா?"

"இருந்தாங்க தொர."

"பக்கத்துலயேவா?"

"பக்கத்துலயேதான். என் கையப் புடிச்சிக்கிட்டே நின்னாங்க."

"அப்ப இந்தச் சின்ன டாக்டர்?"

"அது தள்ளி நின்னு பாத்துப் படிச்சிக்கிட்டிச்சு தொர. பெரியவங்க இல்லாம ஒண்ணத்தையும் தொடாது."

ஆய்வாளர் என் பக்கம் திரும்பவில்லை. பேனாவும் அசையவில்லை. இன்னும் மெதுவான குரலில் கேட்டார்.

"தினமும் வந்து பாப்பாங்களா, பெரிய டாக்டர்?"

"ஒரு நாளு தவறுனதில்ல. மழையானாலும் வருவாங்க."

"இப்படிச் சொல்லணும்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களாம்மா?"

"ஒருத்தரும் இல்ல தொர. சந்தோசமா இருக்கோம்." கொஞ்சம் யோசித்து, மேலும் சேர்த்தார். "கையொறை, மாஸ்க்கு எல்லாம் குடுக்கிறாங்க."

பின்னால் எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு இருமல் வந்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. இழையால் தொடத் தொட அவர் தெரியுதுங்க, தெரியுதுங்க என்றது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கக் கூடாது. திறந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? அவரிடம் கேள்வி கேட்காதீர்கள், சும்மா இருங்கள், அவராகவே சொல்வார் என்று ஓர் ஆய்வாளரிடம் எப்படிச் சொல்வது?

அலுவலக அறைக்கு வந்ததும் ஆய்வாளர் கதவைச் சாத்தினார். மேடம், நான், அவர் மட்டும்.

"அன்னைக்கு நான் கோயம்புத்தூர்ல கட்டிலோட கட்டிலாக் கிடந்தேனுங்க" என்றார் மேடம். "நாங்க சொன்னதுதான் நடந்தது."

"இருக்கலாம் மேடம். நீங்கள் சொன்னது விதிப்படி சரி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நோயாளி வேறு மாதிரி சொல்கிறார். அதுவும் கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொல்கிறார். இவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் மற்றவர்களுக்கும் கொடுத்திருப்பீர்கள் என்றுதானே நான் எடுத்துக்கொள்ள வேண்டும்?"

நான் எஸ்டேட் ஆடிட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பூட்ஸ், கையுறை, தண்ணீர், துரை எல்லாம். வேகமாகப் பேசினேன். எனக்கே அது ஜோடித்த கதை மாதிரிக் கேட்டது. அவர் கடைசிவரை கேட்டார்.

"நம்புகிறேன்மா" என்றார். "ஆனால் என்ன எழுதட்டும்? நோயாளி உங்கள் மேல் உள்ள அன்பினால் பொய் சொன்னார் என்றா?"

மேடம் ஊன்றுகோலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க. இறங்கற வழியில கடை ஒண்ணும் இருக்காது" என்றார். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ரசத்தில் அன்றைக்கு உப்பு சரியாக இருந்தது.

கார் போன பிறகு வார்டுக்குப் போனேன். அந்த அம்மாள் எனக்காகவே காத்திருந்தார்.

"எப்பிடி பிள்ளை? நல்லாச் சொன்னேனா?"

சிஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லாச் சொன்னீங்க" என்றேன்.

"ஆடிட்டுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல பாத்தீங்களா? ஆனா திரையைத் துவைக்கையிலயே எனக்கு வெளங்கிருச்சு. பெரியவங்க ஊர்ல இல்லாதப்ப நீங்க கத்தி வெச்சீங்கன்னு வாயி விட்டிருந்தேன்னா உங்க வேலை என்னாகும்?"

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்த அம்மாகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது கண்ணு. வார்டுல சொல்லிரு." சொல்லிவிட்டேன். மறுபடியும் நாங்கள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகான வாரங்கள் எனக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வேலை இருந்தது. காலையில் பனியில் சரிவிறங்கி வார்டு, பிறகு வெளிநோயாளிகள், பிறகு மறுபடி வார்டு. கோயம்புத்தூரிலிருந்து என் அம்மா போன் செய்து, "ஏங்கண்ணு, அந்த ஆய்வு என்னாச்சு? அப்பா கடையில வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்காரு" என்பார். இன்னும் தெரியவில்லை என்பேன். அம்மா உடனே அரிசிப் பருப்பு சாதத்துக்குப் போய்விடுவார், அங்கே சாப்பாடு எப்படி என்று. புதிதாகப் படித்த எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. உணவு மேஜையில் எக்ஸ்ரே டெக்னீஷியன் ஒரு தடவை, "என்ன டாக்டர், இன்னைக்கி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அப்பளத்தை என் தட்டில் வைத்தார்.

முடிவு மேடத்தின் போனுக்கு வந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். புதுப்பிக்கவில்லை. காரணம் ஒரே வரி. மேற்பார்வை குறித்த தகவல்களின் நம்பகத்தன்மை ஐயத்துக்கு இடமானது. அந்த வரிக்கு மேலே குறைபாடு என்று போட்டிருந்தது. அவதானிப்பு என்று போட்டிருந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருப்பதால் அப்போது ஒரு பிரயோஜனமும் இல்லை.

"மேல்முறையீடு பண்ணலாம் மேடம்" என்றேன். சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

"பண்ணுனா அந்த அம்மாவைக் கூப்புட்டு மறுபடி கேப்பாங்க. இவங்க மறுபடி கையப் புடிச்சுட்டு நின்னேன்னு சொல்லுவாங்க." மேடம் போனைக் கவிழ்த்து வைத்தார். "உனக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு இடம் காலியாகுதாம். அங்க கேட்டு வெச்சிருக்கேன். உனக்கு ஒரு வருசம் வீணாப் போயிரும். என்ன பண்றது?"

"நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்?"

"எனக்கென்ன, இந்தக் காலும் பழகிரும். அடுத்த காலையும் மாத்தணும்னு இருந்தேன். அது இப்ப ஆகாது."

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த அம்மாள் காலைக் காட்ட வந்தார். வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாகியிருந்தது. புண் ஆறிவிட்டது. கையில் ஒரு பொட்டலம். எஸ்டேட்டில் கொடுத்த தேயிலைத் தூள். கட்டு கட்டும் அறையில் கட்டில் இன்னும் ஜன்னலோரத்திலேயே கிடந்தது. அன்றைக்கு இழுத்துப் போட்டதை யாரும் திரும்பத் தள்ளவில்லை.

"ஆடிட் என்னாச்சு பிள்ளை? பாஸா?"

சிஸ்டர் பஞ்சு வெட்டுவதை நிறுத்தினார். அவரே பேச்சை மாற்ற வந்தார். "டாக்டர் ஈரோட்டுப் பக்கம் போறாங்க. பெரிய ஆஸ்பத்திரிங்க அது."

"பெரிய ஆஸ்பத்திரிக்கா?" அந்த அம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப பாஸுதான்! நான் அன்னிக்கே நெனச்சேன். அந்தத் தொர மூஞ்சியைப் பாத்தே நெனச்சேன்." என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "எங்களை மறந்துறாதீங்க பிள்ளை."

"மறக்க மாட்டேங்க. படுங்க, காலைப் பாத்துர்றேன்."

படுத்தார். இழையை எடுத்தேன். "கண்ணை மூடிக்குங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தொட்ட மாதிரி இருந்தா நீங்களாச் சொல்லுங்க" என்றேன். வழக்கம் தெரிந்தவராகத் தலையாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

பெருவிரலிலிருந்து ஆரம்பித்தேன். விரல்களின் அடி, பாதத்தின் நடு, ஓரம், ஆறிப்போன வடு. வெளியே பனி ஏறி வந்து ஜன்னல் கம்பிவரை நின்றது. போன தடவை குதிகாலில் ஆங் என்றார். குதிகாலில் தொட்டேன். இழை வளையும்வரை அழுத்தினேன். இன்னொரு தடவை தொட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

ரொம்ப நேரமாகிவிட்டது போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

"முடிஞ்சுதுங்க" என்றேன். இழையை உறையில் போட்டுவிட்டு, அவருடைய காலுறையை எடுத்து மாட்டிவிட்டேன்.